இருநூற்றுப் பதினேழாம் அட்டை

என் கணவர் இறந்தபோது நான் அழவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மார்கழியில் காய்ச்சல் வந்தது, பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது. பதினாறாம் நாள் சடங்குக்கு நாகர்கோவிலிலிருந்து வந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். எல்லோருக்கும் பாய் போதுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதிரு பிள்ளே, உள்ள வச்சுக்கிட்டா நெஞ்சு அடைச்சிரும்" என்றாள். நெஞ்சு அடைக்கவில்லை. பசித்தது. அந்த நேரத்தில் பசிக்கிறது என்று சொன்னால் நன்றாக இருக்காது, அதனால் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருந்தோம். பிள்ளை இல்லை. அவருக்கு ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. வருகிற புத்தகத்துக்குப் பதிவேட்டில் எண் போட வேண்டும், பிறகு அதற்கு ஓர் அட்டை எழுத வேண்டும். ஆசிரியர், புத்தகத்தின் பெயர், எந்த அலமாரி. அந்த அட்டையை அகரவரிசையில் இழுப்பறைக்குள் செருகிவிட்டால் அந்தப் புத்தகம் பிறந்தாயிற்று என்பார். அட்டை இல்லாத புத்தகம் அலமாரியில் இருந்தாலும் இல்லாததுதான்.

சித்திரையில் அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். தற்காலிகமாகத்தான். நான் இன்டர்மீடியட் பாஸ் செய்தவள், கையெழுத்தும் பார்க்கும்படி இருக்கும். நூலகத் தலைவர் மலையாளி, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர், அவர்தான் அங்கும் இங்கும் நடையாய் நடந்து அதற்கு ஏற்பாடு செய்தார். அந்த நாற்காலியின் வலது கையில் என் கணவரின் முழங்கை பட்டுப் பட்டு ஓர் இடம் தேய்ந்திருந்தது. என் முழங்கை அந்த இடத்துக்கு எட்டவில்லை.

காலையில் பழவங்காடி வழியாகத்தான் போவேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கடை திறக்கிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்று அந்த முக்கு முழுக்க நல்ல காரியமாக நிற்கும். முதல் வாரத்திலேயே நான் எதிர்ச்சாரிக்கு மாறிவிட்டேன். அவர்களுடைய சகுனம் கெடக் கூடாது என்ற நல்லெண்ணமெல்லாம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கே நாலு பேர் முகத்தைத் திருப்புவதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் என்ன ஆகிவிட்டேன் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவளுக்கு இப்படி ஆயிப்போச்சு" என்றார்கள். "அவ நெலம தெரியுமில்லா" என்றார்கள். மஞ்சள் போயிற்று, பூ போயிற்று, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கினார்கள். அதற்குரிய வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வீட்டில் அரிசி தீர்ந்தால் அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். கெட்டது வாயில் வந்தால் வீட்டில் வந்துவிடும்.

என் கணவர் இதையெல்லாம் கேலி செய்வார். ஒருநாள் நான் அடுக்களையிலிருந்து, "அரிசி நிறைஞ்சிருக்கு, கேட்டீங்களா" என்றேன்.

"நிறைஞ்சிருந்தா நல்லதில்லா? பெறவு நான் எதுக்குட்டி சாலைக் கடைக்குப் போவணும்?" என்றார்.

"வாயைக் கழுவுங்க. வெறும் பானைன்னு சொல்லச் சொல்லுகியளா?"

"வாயால சொன்னா நடந்திரும்னா, நான் தெனமும் காலம்பற எந்திரிச்சு ‘ஹெட் லைப்ரேரியன், ஹெட் லைப்ரேரியன்’னு நூத்தியெட்டு தடவ சொல்ல மாட்டேனா?" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். இப்படி எத்தனையோ. வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவார். கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நின்று விவரமாகப் பதில் சொல்வார்.

இனி அவருடைய ஸ்பானிஷ் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பிப் போனார். பங்களாவிலிருந்த புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். அவை தேயிலைப் பெட்டிகளில் அடைபட்டு, வித்துரா வரை லாரியிலும் அங்கிருந்து பஸ் மேலேயும் வந்து சேர்ந்தன. எல்லாப் புத்தகமும் தேயிலை வாடை அடித்தது. துரையின் மனைவி ஸ்பெயின் தேசத்துக்காரி என்று பெட்டியோடு வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார். அதனால்தான் அந்தக் குவியலில் ஒரு பெரிய ஸ்பானிஷ்–ஆங்கில அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அது லத்தீனில் எதிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் அதற்குச் சொந்தக்காரர்கள் யார் என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

பதிவேட்டில் எண் போடத் திறந்தவர் அதற்குள்ளேயே விழுந்துவிட்டார். மத்தியானம் தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு, எழுத்துப் பிழையாகி ஒதுக்கிய அட்டைகளின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தார். அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் அகராதியில் வேண்டிய சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு. பிறகு அட்டையின் வலது மூலையில் சிவப்பு மையில் வரிசை எண். பிறகு கறுப்பு மையில் சொல்லும் அதன் உறவும். லத்தீன், ஆங்கிலம் என்று ஏறிப் போய், கடைசியில் நூலகத்திலிருந்த பெரிய சமஸ்கிருத அகராதியையும் தூக்கிப் பார்த்து, நம் வீட்டில் புழங்கும் சொல் ஏதாவது அந்தக் குடும்பத்தில் இருந்தால் அடியில் கோடு போட்டு எழுதுவார்.

சாயங்காலம் எனக்குப் பாடம் நடக்கும். "வாகான்னா ஸ்பானிஷ்ல மாடு. வாக்ஸின் எங்க இருந்து வந்துது தெரியுமாட்டி? மாட்டுல இருந்து. அம்மை குத்த வாறவன் நம்ம கையில மாட்டத்தான் குத்துகான்" என்பார். வியெந்தோ என்றால் காற்று. ஆங்கிலத்தில் விண்ட், விண்டோ, எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி குடியிருந்த வென்டிலேட்டர் எல்லாம் அதன் பங்காளிகள். வீதா என்றால் உயிர். அதற்கு வைட்டமின் ஒருபக்க உறவு, நம் சீவன் மறுபக்க உறவு. உச்சரிப்பு சரிதானா என்று கேட்க ஊரில் ஒரு ஸ்பெயின்காரரும் கிடையாது. "ஸ்பெயினுக்கு மாப்பிள்ளையாப் போறீங்களா?" என்று கேட்பேன். "சீதனம் ஒத்து வரல்ல" என்பார்.

அட்டைகள் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் சேர்ந்தன. அகராதியில் ஆங்கில ‘வி’ எழுத்தின் கடைசிக்கு வந்தபோது காய்ச்சல் வந்தது. பெட்டி அவர் மேசையின் கீழறையில் இருந்தது. நான் வந்து ஆறு மாதமாகியும் அதைத் திறக்கவில்லை. துக்கம் என்று இல்லை. அது நூலகச் சொத்து அல்ல, எனக்கு அதில் வேலையும் இல்லை.

ஐப்பசியில் விண்ணப்பத் தாள் வந்தது. நவம்பர் முதல் தேதி மொழிவாரியாக நாடு பிரிகிறது, நாகர்கோவில் மதராஸ் பக்கம் போகிறது, திருவனந்தபுரம் கேரளத்தில் இருக்கிறது என்று எல்லாம் முடிவாகியிருந்த நேரம். தற்காலிகமாக இருக்கிறவர்களை நிரந்தரமாக்குகிற காரியம் அதற்கு முன் முடிய வேண்டும், பிறகு யாரிடம் கேட்பது என்றே தெரியாது என்றார் தலைவர். நான் தாளை நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. ‘இறந்த ஊழியருக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருந்தேன். யாரோ அதைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார்கள்.

தலைவர் புதுத் தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "‘வைஃப்’னு எழுதினா ஆள் ஜீவனோட உண்டுன்னு அர்த்தம் ஆயிப்போகும், கேட்டோ. ‘விடோ’ன்னு ஒரே ஒரு வார்த்தை. அது மதி. வெள்ளியாழ்ச்சை உச்சைக்கு முன்னே என் கையில தரணம்."

"சரி சார், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்ன தாறேன்" என்றேன்.

மற்ற கட்டங்களை நிரப்ப ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்தக் கட்டத்துக்கு வந்தேன், கை நின்றது. நெஞ்சு பதறவில்லை, கண் கலங்கவில்லை. மாட்டை வண்டியில் பூட்டித் தார்க்குச்சியால் குத்தினாலும் சில நேரம் நகராமல் நிற்கும், அப்படி நின்றது. தாளை மடித்து வைத்தேன். மறுநாள் எடுத்தேன், மறுபடி அப்படியே. ஐந்தே எழுத்து, ஆங்கிலத்தில்.

புதன்கிழமை அண்ணன் நாகர்கோவிலிலிருந்து வந்தான். நல்லவன். வாழைக்குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தான்.

"இங்க ஒத்தைக்குக் கெடந்து என்ன செய்யப் போற? நாடு பிரிஞ்சா நீ வேற தேசத்துக்காரி ஆயிருவ. எனக்க வீட்டுல ஒனக்கு ஒரு எடம் இல்லாமலா போச்சு?"

"வேலை இருக்குல்லா, அண்ணே."

"வேலை நெரந்தரம் ஆயிட்டுன்னா நான் ஒண்ணும் சொல்லல்ல. இல்லேன்னா சனிக்கெழமை வண்டியோட வாறேன். சாமானம் கெட்டி வை."

அவன் வீட்டில் எனக்கு எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஆவணியில் அவன் மகளுக்குப் பூப்புச் சடங்கு நடந்தது. அந்தப் பிள்ளையை நாலு வயது வரை தூக்கிச் சுமந்தவள் நான். அன்றைக்குப் பந்தலில் தவில் சத்தம் தொடங்கினதும், மதினி வந்து என் கையைப் பிடித்து, மிக மரியாதையாக, பலகாரம் வைத்திருந்த பின்னறைக்குக் கூட்டிப் போனாள். "எறும்பு வராமப் பாத்துக்கிடுங்க" என்றாள். மூன்று மணி நேரம் முறுக்குத் தகரங்களுக்குக் காவல் இருந்தேன். ஓர் எறும்பும் வரவில்லை. இனி ஆயுசு முழுக்க அந்த அறைதான். அல்லது தேய்ந்த கை உள்ள அந்த நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடந்தது, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் துலா மழை பிடித்துக்கொண்டது. நூலகத்தில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை போவதாக இருந்தால் மேசையை ஒழிக்க வேண்டுமே என்று கீழறையைத் திறந்தேன். தகரப்பெட்டியை எடுத்தேன். ஆறு மாதமாக அட்டை அடுக்கிய கை, அது சும்மா இருக்குமா? எண் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. இருநூற்றுப் பதினாறு, வீனோ: திராட்சை மது. வைன், வின்யார்ட், வினிகர். இருநூற்றுப் பதினெட்டு, விவீர்: வாழ்வது. நடுவில் இருநூற்றுப் பதினேழு. வலது மூலையில் சிவப்பு எண் இருந்தது. அட்டையில் சொல் ஒன்றும் இல்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அதை நிரப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். ஒரு வரிசையில் ஒன்று குறைந்தால் அட்டை எழுதுகிறவருக்கு இருப்புக் கொள்ளாது. பெரிய அகராதியைத் தூக்கி வந்து வீனோவுக்கும் விவீருக்கும் இடையில் பென்சில் கோட்டைத் தேடினேன். இருந்தது. வியூதா. பொருள்: விதவை.

அந்தச் சொல்லைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலையைத் தொடர்ந்தேன். ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. புத்தகம் முன்னால் கிடந்தது, மழையும் விடவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து அவர் முறைப்படியே போனேன். லத்தீனில் விதுவா. அதன் அடி, காலியானது, பறிகொடுத்தது என்ற பொருள் தரும் சொல். ஆங்கிலத்தில் விடோ. ருஷ்ய மொழியில் வ்தோவா. அடியில் உள்ள வேர், பிரிப்பது. அதே வேரிலிருந்துதான் டிவைட், இண்டிவிஜுவல். நாட்டைப் பிரிக்கிறார்களே, அந்தச் சொல்லும் இவளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சிரிப்பு வந்திருக்க வேண்டியது, வரவில்லை. சமஸ்கிருதத்தில் விதவா. அங்கிருந்து நம் விதவை. ஸ்பெயினிலிருந்து கரமனை வரைக்கும் ஒரே குடும்பம், ஒருத்தி விட்டுப்போகவில்லை.

விதவா என்றால் ‘தவன்’ இல்லாதவள், அதாவது கணவன் இல்லாதவள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சரிபார்க்க ‘தவ’ என்ற சொல்லைச் சமஸ்கிருத அகராதியில் எடுத்தேன். கணவன் என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள், பெரும்பாலும் விதவா என்பதிலிருந்து பின்னால் உண்டாக்கிக்கொண்டது என்று போட்டிருந்தது. மறுபடி படித்தேன். விதவா என்பதுதான் பழைய சொல். அது ‘பிரிந்து நிற்பவள்’ என்ற பொருளோடு தனியாக இருந்தது. பிற்பாடு வந்தவர்கள், ‘வி’ என்றால் இல்லை, அப்படியானால் மிச்சமுள்ளது கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அதை வெட்டி எடுத்துக் கணவனுக்கு ஒரு சொல் செய்துவிட்டார்கள். கணவன் போனதால் இவள் வரவில்லை. இவள் இருந்ததால்தான் அவனுக்கு அந்தச் சொல் வந்திருக்கிறது.

இதை அவர் கண்டுபிடித்திருந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்க மாட்டார், வழியிலேயே பஸ்ஸில் யாரிடமாவது சொல்லியிருப்பார். "கேட்டியாட்டி, புருசமாரு நாங்கதான் மொதல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்று வாசலிலேயே என்னிடம் தொடங்கியிருப்பார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஈரக்குடைகளை வைக்கும் தொட்டி, இழுப்பறைகள், கடிகாரம். இதைச் சொல்ல எனக்கு ஒருவர் வேண்டியிருந்தது, அந்த ஒருவர் இல்லை. பத்து மாதத்தில் அது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அட்டையில் எழுதிவிடலாம் என்று பேனாவை மையில் தொட்டு, சொல் எழுத வேண்டிய இடது மேல் மூலைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. கறுப்பு மை. சின்னப் புள்ளி அல்ல, மிளகு அளவு, ஓரங்களில் ஊறிப் பரவியது. மை பேனாவோடு பழகினவர்களுக்குத் தெரியும். போகிற போக்கில் பட்டால் இவ்வளவு வராது. நிப்பை வைத்துவிட்டு அப்படியே வைத்திருந்தால்தான் இவ்வளவு ஊறும்.

அவர் மறக்கவில்லை. அகராதியில் கோடு போட்டார், எண் போட்டார், பேனாவையும் வைத்தார். பிறகு அவருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டுகிறவர், வெறும் பானையை வெறும் பானை என்று சொல்லுகிறவர், தன் கையால் அந்த வார்த்தையை எழுதினால் எனக்கு வந்துவிடும் என்று பயந்து பேனாவை எடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் வீட்டுக்கு வந்து வைனுக்கும் வினிகருக்கும் உள்ள உறவைத்தான் சொல்லியிருப்பார்.

முதலில் கோபம்தான் வந்தது. "எழுதாம விட்டீங்களே, வராம இருந்துதா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அழுதேன். மார்கழியிலிருந்து பாக்கி இருந்ததெல்லாம் வந்தது. அட்டை நனையாமல் இருக்க அதைத் தள்ளி வைத்தேன், அந்த நேரத்திலும் கை அதைச் செய்தது. மழைச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது. தலைவர் ஒருமுறை வாசல் வரை வந்து, நின்று, சத்தமில்லாமல் திரும்பிப் போனதைக் கண்ணீரோடு பார்த்தேன். அந்த மனிதருக்கு என்றும் நான் கடமைப்பட்டவள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் அதை எழுதித்தான் ஆக வேண்டும். அவரால் முடியவில்லை. அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் விடோ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. தலைவர் வாங்கிப் பார்த்து, "சரியாயிட்டுண்டு" என்று மேல்தாளோடு சேர்த்துக் குத்தினார். சனிக்கிழமை வண்டியோடு வந்த அண்ணனுக்குக் காப்பி கொடுத்து, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த வாரம் நாடு பிரிந்தது. நாகர்கோவில் பஸ் எப்போதும் போல அதே நேரத்துக்குத்தான் வந்தது.

அந்த வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். தகரப்பெட்டியில் பாக்கி இருந்த சில எழுத்துகளை ஓய்ந்த நேரங்களில் நானே முடித்தேன். இப்போது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இருநூற்றுப் பதினேழை மட்டும் அப்படியே திரும்ப வீனோவுக்கும் விவீருக்கும் நடுவில் செருகிவிட்டேன். அந்த வார்த்தையை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய அட்டையில் எழுதவில்லை.